எல்லாருக்கும் போட்ட பதில்

என் மனைவி ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லிச் சம்பாதிக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மெத்தைக் கடைக்கு அவள் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் திரியும் இளசுகளுக்கு, அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்ளும் சுகத்தைப் பற்றி எழுதுவாள். ஃபேஸ்புக்கில் இருக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு அதே மெத்தை இடுப்பு வலிக்கு மருந்தாகிவிடும். லிங்க்ட்இன்னுக்குப் போனால் கோட்டு மாட்டிக்கொண்டு, சரியாகத் தூங்காத மேலாளர் எடுக்கும் முடிவுகளைப் பற்றிப் பேசும். வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் சுற்றி வளைக்காமல் விலையைப் போட்டுவிடுவாள். அங்கே இருப்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். மெத்தை என்னவோ ஒன்றுதான்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். துணி துவைக்கும் மெஷினுக்கும் சன்னலுக்கும் நடுவில் அவளுடைய மேசை. மேசைக்கு எதிரே ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது, காய்ந்த துணியைக்கூட வைக்கக் கூடாது. எழுதுவதற்கு முன்னால் தனக்குத் தெரிந்த யாராவது ஒருவரை மனசுக்குள் அதில் உட்கார வைத்து, வாய்விட்டுப் பேசிப் பார்ப்பாள். இளசுகளுக்கு எழுதும்போது எங்கள் மகளின் தோழி உட்காருவாள். இடுப்பு வலிக்கு நான் உட்காருவேன், என்னைக் கேட்காமலே. அடுத்த அறையிலிருந்து கேட்டால் நாலு பெண்கள் மாறி மாறிப் பேசுவதுபோல இருக்கும். அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் நாலுவாய். கோபம் வந்தால் மட்டும் ஒரே வாய், அது எனக்கென்றே ஒதுக்கியது.

போன வருஷம் அவளுக்கு ஒரு காது நிலையம் வாடிக்கையாளராக வந்தது. கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் இருக்கிற சின்ன இடம். காது மெஷின் பொருத்துவார்கள். நடத்துகிறவரை எல்லாரும் காது டாக்டர் என்பார்கள். பொறுமைசாலி. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், அவரிடம் வருகிறவர்களுக்கோ எதுவும் கேட்காது, அதனால் பாதி நேரம் கைஜாடையிலேயே ஓட்டுவார். முதல் நாளே அவளிடம், "உங்க அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். அவளுடைய போனில் அப்பா பேசியது அவருக்கு மேசைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருந்தது.

என் மாமனார் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பட்டையில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே நகரும் இடம். அந்தச் சத்தத்தில் வேலை நாளெல்லாம் நின்றவர். அங்கே ஆட்கள் கையை அசைத்துத்தான் பேசிக்கொள்வார்களாம். யாராவது தொண்டை கிழியக் கத்தினால் இரண்டே காரணம்தான் இருக்குமாம்: ஒன்று கண்ணாடி வெடிக்கப் போகிறது, இல்லை மேற்பார்வையாளர் யாரையோ திட்டுகிறார். இதை அவர் சிரிப்பு வருகிற மாதிரிதான் சொல்வார். நாங்களும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

மாமியார் போன பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். அவர் டிவியில் செய்தி பார்த்தால் எதிர் வீட்டுக்காரர் தனியாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கிறீங்க. அந்தக் காலத்துல யாரு இப்படி வாய்க்குள்ளயே பேசினாங்க?"

"அப்பா, செய்தி வாசிக்கிறவங்களுமா முணுமுணுக்கிறாங்க?"

"அவங்க ரொம்ப மோசம்."

காது டாக்டர் சோதனைக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு மெஷினே கொடுத்தனுப்பினார். அது மாமனாருடைய அலமாரியில் காலுறைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நாலுவாய் தன் நாலு வாயையும் அவரிடம் பிரயோகித்துப் பார்த்தாள். இளசுகளிடம் பேசுவதுபோல, இப்போதெல்லாம் பசங்களே காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதானே திரிகிறார்கள் என்றாள். மரியாதையாகச் சொன்னாள். காது டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பயமுறுத்தினாள்: இப்படியே விட்டால் அப்புறம் மெஷின் வைத்தாலும் பேச்சுப் புரிவது கஷ்டம். கடைசியில் இனாம்தானே அப்பா என்றுகூடச் சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் விற்கத் தெரிந்தவளால் சொந்த அப்பாவின் காதுக்குள் ஒன்றை வைக்க முடியவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். கேட்டு ஆட்டுகிறாரா, கேட்காமல் ஆட்டுகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

விஷயம் காதோடு நின்றிருந்தால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். எங்கள் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "தாத்தாகிட்ட குடும்மா" என்பாள். அவர் வாங்கிக் காதில் வைத்து, "சாப்பிட்டியா? சரி சரி. இந்தா, உங்கம்மாகிட்ட பேசு" என்று, சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல நீட்டிவிடுவார். அந்தப் பேத்தியை வளர்த்ததே அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்: "அம்மா, தாத்தாவுக்கு என்மேல என்ன கோபம்?"

அன்றைக்குத்தான் என் மனைவிக்குப் பொறுமை போனது. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய், "அவளோட ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா அப்பா?" என்றாள். அவர், "என்னது?" என்றார். மறுபடி சொன்னாள். "ஏன் வாய்க்குள்ளயே பேசுற?" என்றார். மூன்றாவது தடவை அவள் போட்ட கத்தலில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. "மெஷினை மாட்டுங்கன்னா மாட்ட மாட்டீங்க! உங்களால அந்தப் பொண்ணு அங்க உட்கார்ந்து அழுறா!"

அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் அழுவது எப்போதும் அப்படித்தான். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரியும். நானும் தெரியாததுபோல இருந்துவிடுவேன், அது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று.

இதற்கிடையில் காது நிலையத்தில் வேறு சிக்கல். வயசானவர்களுக்கென்று அவள் எழுதிய பதிவுகள் எதுவும் எடுபடவில்லை. "பெரியவங்க தானா வர மாட்டாங்க. பசங்கதான் கூட்டிட்டு வருவாங்க. பசங்களுக்கு எழுதிப் பாருங்க" என்றார் காது டாக்டர். மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், நாலுவாய் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணினி. மேசைப்பக்கம் காலியாக இருந்தது. ஒரு வார்த்தை வாய்விட்டுப் பேசவில்லை, மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தாள். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் அங்கே என் போனுக்கே அந்தப் பதிவு வந்து சேர்ந்தது.

'ஒரே விஷயத்தை அப்பாகிட்ட மூணு தடவை சொல்லி, மூணாவது தடவை கத்தியிருக்கீங்களா? கத்தின பிறகு பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கீங்களா? பேத்தி போன் பண்ணினா, "இந்தா, உங்கம்மாகிட்ட பேசு"ன்னு அவர் போனைக் கைமாத்துறது பாசம் இல்லாம இல்லை. நீங்க கெட்ட பொண்ணும் இல்லை. அவருக்குக் கேக்கலை, அவ்வளவுதான். கூட்டிட்டு வாங்க.'

அது காட்டுத்தீயாகப் பரவியது. கத்தின மகள்களும் மகன்களும் இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியம். காது நிலையத்தில் உட்கார இடமில்லாமல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நாற்காலி இரவல் வாங்கினார்கள். அவள் ராப்பகலாகக் கமெண்டுகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கென்று சில பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பாள். கேள்வி கேட்டவருக்கு ஒன்று, திட்டினவருக்கு ஒன்று, மனசைக் கொட்டினவருக்கு ஒன்று. எடுத்து ஒட்ட வேண்டியதுதான். பெயரைக்கூடப் பார்க்க நேரம் இருக்காது. நான் சாப்பாட்டை மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் களேபரத்தில் வீடு அமைதியாகிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. முதலில் டிவி. மாமனார் வழக்கம்போல அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் சத்தமே இல்லை. செய்தி வாசிக்கிறவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். "அப்பா திருந்திட்டார் போல" என்று அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு அவர் காலை நடைக்குப் போவது நின்றது. கால் வலி என்றார். எது சொன்னாலும் "என்னது?" என்று கேட்பதையும் விட்டுவிட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவரோடு நடக்கிற கூட்டாளி ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இருமல் மருந்து வாங்க எங்கள் கடைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"உங்க மாமனார் எங்க தம்பி, ஆளையே காணோம்? கோவிச்சுக்கிட்டாரா?"

"கால் வலின்னார். என்ன கோபம்?"

"அது ஒண்ணுமில்ல. நடந்துக்கிட்டிருந்தப்போ எங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த காது மேட்டர் வந்துச்சு. காது நிலையத்துக்கு எழுதுறதெல்லாம் என் பொண்ணுதான்னு அவரே எங்ககிட்ட பெருமையா சொல்லியிருக்காரு. அதனால படிச்சதும் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்துட்டோம். எவனோ ஒருத்தன், என்ன, போனை உங்கம்மாகிட்ட குடுக்கட்டுமான்னு கேட்டுட்டான். விளையாட்டுக்குத்தான். அதுக்கப்புறம் மனுஷன் பேசவே இல்ல."

நாலு கூட்டத்துக்கு நாலு விதமாக எழுதுகிறவள், இந்தக் கூட்டத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு ஒரே அமுக்கில் ஃபார்வர்டு போய்விடும் என்பதை எப்படி மறந்தாள்? மகள்களுக்கு எழுதியது அப்பாவின் கைக்கே போய்விட்டது. அதுவும் அவருடைய கூட்டாளிகள் சுற்றி நிற்கும்போது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பேயறைந்ததுபோல உட்கார்ந்துவிட்டாள். பதிவை நீக்கலாம் என்று எடுத்தாள், நீக்கி என்ன பிரயோசனம், ஊரெல்லாம் பரவிவிட்டது. எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் சன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். சத்தமே வரவில்லை. பின்னால் நின்ற எனக்குத்தான் மெல்லப் புரிந்தது: அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். மன்னிப்பை எப்படிக் கத்திக் கேட்பது? அவர் நிமிர்ந்து பார்த்து, "நகம் கீழ விழாது, பேப்பர் விரிச்சிருக்கேன்" என்றார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

சரி, எழுதியாவது அனுப்பலாம் என்று போனை எடுத்தாள். 'அப்பா' என்று அடித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துப் பேசிப் பார்த்தாள், அழித்தாள். ஒரு தடவை விளம்பரம் மாதிரி வந்துவிட்டது என்றாள், இன்னொரு தடவை லீவு லெட்டர் மாதிரி. "யார் யாருக்கோ எழுதுறேன். ஒரே ஒரு ஆளுக்கு எழுத வரலையேங்க" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். விடு, ரெண்டு நாள் போகட்டும் என்றேன்.

ரெண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் மாமனார் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு கிளம்பினார். நடைக்குத்தான் போகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். எனக்கு அன்று வார விடுமுறை. கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. காது டாக்டர்.

"மேடம், உங்க அப்பா வந்திருக்காரு. வரிசையில உட்கார்ந்திருக்காரு. முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாரு. நீங்க வரச் சொல்லி எழுதியிருந்தீங்களாமே?"

"நானா? நான் எதுவும் எழுதலையே!"

"பதிவுல பதில் போட்டிருக்கீங்களாம். போனைக் காட்டினாரு."

அவள் கணினியைத் திறந்து கமெண்டுகளைக் கடகடவென்று மேலே தள்ளினாள். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ரோஜாப்பூப் படம் ஒன்று வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'என் போன்' என்று இருந்தது. போன் கடைக்காரன் கணக்குத் திறந்து கொடுத்தபோது என்ன போடுவது என்று தெரியாமல் அவர் சொன்னது அது. கீழே எழுதியிருந்தார்:

'கத்தியது தெரியும். அழுதது தெரியாது. குழாய்ச் சத்தமும் எனக்குக் கேட்பதில்லை. மன்னிக்கவும்.'

அதற்கு அடியில் காது நிலையத்தின் பதில், அதாவது இவளுடைய பதில்: 'உங்கள் மனதில் உள்ளதைப் பகிர்ந்ததற்கு மிக்க நன்றி ஐயா. ஒரு முறை நேரில் வாருங்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.' பக்கத்தில் ஒரு பூங்கொத்து.

"நான் பார்க்கவே இல்லைங்க" என்றாள். "எங்க அப்பாவுக்குப் போய் ஐயான்னு ஒட்டியிருக்கேன்." வீட்டுச் செருப்போடேயே ஓடினாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை வந்து, சத்தம் புகாத அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் இருந்தார். காதில் சின்னதாக ஒலி கேட்கிறபோதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெகுநேரம் கை தூக்காமலேயே உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை மாதிரி. அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காது டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்து, காலுறைக்கு அடியில் கிடந்த அதே மெஷினை அவருடைய சட்டைப்பையிலிருந்து வாங்கி, கணினியோடு இணைத்து என்னவோ சரிசெய்து, காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஃபேன் இவ்வளவு சத்தமாவா ஓடும்?" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் கத்துவதற்கு மூச்சை இழுத்தவள், அப்படியே நிறுத்தி, சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, அந்தப் பதில் எல்லாருக்கும் போடுறதுப்பா. உங்களைப் பார்த்து எழுதலை. பேரைக்கூடப் பார்க்கலை. மன்னிச்சிருங்கப்பா."

"தெரியும்மா" என்றார் அவர். "எனக்கு மேல இருந்தவருக்கும் அதேதான், கீழ இருந்தவருக்கும் அதேதான். பூங்கொத்து உட்பட."

"அப்புறம் ஏன்பா வந்தீங்க?"

அவர் தன் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு சொன்னார்: "எழுதினது நீதானே. அதுல நீ கத்தலையே. நேர்ல வாங்க, காத்திருக்கோம்னு தன்மையா கூப்பிட்டிருந்த. அப்படி நீ என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. சரி, யாருக்கோ போட்டதா இருந்தாலும் இருக்கட்டும், நாமளே எடுத்துக்குவோம்னு வந்துட்டேன்."

காது டாக்டர் திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். அங்கே தேட ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அடித்த கூத்து தனி. ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்றார். சட்டையை மாற்றினால் துணி சரசரக்கிறது என்றார். நான் சாப்பிடும்போது சத்தம் வருகிறதாம், இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றாம். டிவியைப் போட்டுவிட்டு, "அட, இவ முணுமுணுக்கலையே" என்று செய்தி வாசிக்கிறவளை மன்னித்தார்.

சாயங்காலம் மகளை நாங்களே கூப்பிட்டோம். அவர் போனை வாங்கினார். நான் அனிச்சையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. விடுதிச் சாப்பாடு, பரீட்சை, குளியலறை வரிசை என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். இடையில், "நீ கொஞ்சம் மெதுவா பேசு, ஏன் கத்துற?" என்று அவளை அடக்கினார். அந்தப் பக்கம் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. என் மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் கழுவிட்டு வரேன் என்று எழுந்து போனாள். குளியலறைக் கதவு சாத்தியது. குழாய் திறந்தது.

நான் வழக்கம்போலத் துணி மடிக்க ஆரம்பித்தேன். மாமனார் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "இரு கண்ணு, இதோ வரேன்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். மெதுவாக நடந்து போய்க் குளியலறைக் கதவை விரலால் தட்டினார்.

"கேக்குதும்மா" என்றார். "குழாயை நிறுத்திட்டு வெளிய வா."